பிப்ரவரி ஆறா, ஜூன் இரண்டா

ஆபீசில் அவனைக் காலண்டர் என்பார்கள். அருகிலிருந்த பள்ளிக்கு, சேர்க்கை வலைத்தளத்தை பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த மேதை. படிவத்தில் நிரப்பும் பிறந்த தேதியை 1970 ஜனவரி ஒன்றிலிருந்து கடந்த நொடிகளாக மாற்றிவிட்டால் வயதைக் கணக்கிடுவது எளிது. அதற்கு ஒரே கட்டளை போதும். என்ன, தேதியில் சாய்வுக்கோடு இருந்தால் அது மாதத்தை முதலில் படிக்கும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. கையேடு படிப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்பது காலண்டரின் கொள்கை.

சோதனையின்போது 25/03 என்று கொடுத்தான். இருபத்தைந்தாம் மாதம் கிடைக்காமல் கணக்கு 1970-க்கே போய்விட, ஐம்பது வயது தாண்டிய குழந்தையொன்று முதல் வகுப்பில் சேர வந்து நின்றது. உடனே ஒட்டுப்போட்டான்: மாதம் பன்னிரண்டைத் தாண்டினால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்று. மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் பிறந்து, நாளே மாதமாகிவிடும் பிள்ளைகள் எக்கேடு கெட்டால் அவனுக்கென்ன? புகார் எழுதிய இருபத்து மூன்று பெற்றோருக்கும் ஒரே பதில் போனது: தேதியைச் சரியாக நிரப்பவும். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

நம்ம சைட்தானே என்று மகளுக்குக் கடைசி நாளில்தான் விண்ணப்பித்தான். சனிக்கிழமை காலை, மனைவி போனோடு வந்து நின்றாள்.

"ஜூன் ஒண்ணுக்குள்ள அஞ்சு வயசு முடியணுமாம். இவளுக்கு ஒரு நாள் குறையுதாம். இவ ஜூன் ரெண்டுல பொறந்தாளாம்."

"ஏதோ சின்னத் தப்பு..."

"வலி எடுத்தது எனக்கு. பிப்ரவரி ஆறு."

நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளி இல்லை. இடம் கிடைக்காவிட்டால் மகள் இன்னும் ஒரு வருடம் வீட்டில். கூடவே, வேலைக்குத் திரும்பக் காத்திருக்கும் மனைவியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

லேப்டாப்பைத் திறந்து மகளின் தேதியை மட்டும் கையால் திருத்தினான். விண்ணப்பித்த வரிசைப்படி, நாற்பது இடங்களில் முப்பத்தெட்டாவதாக வந்துவிட்டாள். அப்பாடா என்று நிமிர்ந்தால், மனைவி அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"செவப்பா நிக்குதே, இந்தப் புள்ளைங்கல்லாம் யாரு?"

"அது... அவங்களுக்கும் இதே மாதிரிதான்."

"அப்போ அவங்களுக்கு யாரு மாத்துவா? அவங்க அப்பாவா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒட்டைப் பிய்த்தெறிந்து, நாள்தான் முதலில் என்று கட்டளைக்குத் தெளிவாகச் சொல்லி, எல்லாத் தேதிகளையும் மறுபடி ஓட்டினான். வயது பத்தாமல் உள்ளே நுழைந்திருந்த சிலர் வெளியேறினார்கள். முன்பே விண்ணப்பித்துத் துரத்தப்பட்டவர்கள் திரும்பி வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

மகளின் எண் நாற்பத்து நான்கு.

மனைவி அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இப்பதான் ஒழுங்கா வேலை செய்யுது."