தலைகீழாக அடித்த சுவர்

ஒரகடத்துப் பக்கத்து ஊர்களுக்கு முன்னேற்றம் மரப்பெட்டியில்தான் வந்து இறங்கியது. பெட்டிக்குள் இருந்த மெஷினைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. பெட்டியை ஊர் எடுத்துக்கொண்டது. அந்தப் பலகையில் கட்டில் செய்தார்கள், கோழிக்கூண்டு செய்தார்கள், கட்சிக்காரர் ஒருவர் மேடையே போட்டுப் பேசினார். எல்லப்பன் மட்டும் சுவர் செய்தார்.

வாலாஜாபாத் சாலையிலிருந்து ஏரியோரமாக உள்ளே திரும்பினால் அவர் வீடு. தன் நிலத்தை வாங்கிய கம்பெனியிலேயே பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தான் உழுத இடத்தின் மேலேயேதான் இன்றும் முன்னும் பின்னும் போய்வருகிறார். வண்டி மட்டும் மாறியிருக்கிறது. இளவட்டங்கள் வேண்டாமென்று தள்ளிவிட்ட நைட் ஷிப்டை அவர் நிரந்தரமாக வாங்கிக்கொண்டார். எல்லோரும் வேலைக்குப் போகும்போது அவர் தூங்கப் போவார்.

தூங்குவது ஹாலில், பலகைச் சுவரின் ஓரம், சுவரைப் பார்த்தபடி. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஈரம் ஏறிய சுவரை மறைக்க அவரே டிரம் மேல் ஏறி நின்று அடித்த பலகைகள். மேல் எது, கீழ் எது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பலகையில் கறுப்பு மையில் சில படங்கள் இருந்தன. ஒன்று படகு: வளைந்த அடிப்பாகம், நடுவில் நுனி வளைந்த பாய்மரம், கீழே துளித்துளியாகத் தண்ணீர். பக்கத்தில் ஒரு மணி. அப்புறம் கீழ்நோக்கி இரண்டு அம்புகள், நங்கூரம் இறங்குகிற மாதிரி.

பத்து மணி வெயில் ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து பலகையில் விழும். பழைய மரத்திலிருந்து பிசின் வாசம் கிளம்பும். எல்லப்பனின் இமை பாதி இறங்கும்போது மணி ஒருமுறை அசையும். படகு நகரும். ஏரியைத் தாண்டும், டோல்கேட்டைக் கட்டணம் கேட்காமல் தாண்டும். கண்டெய்னர் லாரிகள் பெரிய மீன்களாகி இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் நீந்திப் போகும். நாலு மணிக்குத்தான் கரை.

மகள் ரஞ்சனிக்குக் குன்றத்தூரில் மாப்பிள்ளை அமைந்தபோது வந்தது வினை. வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் டீயை உறிஞ்சிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி, நடு ஹால்ல கிளாஸ் படம் போட்டுக்கீறீங்க? அதுவும் கவுத்து வெச்சிக்கீது. குடிச்சி முடிச்சிட்டீங்களா?"

எல்லப்பன் வாழ்நாளில் கள்ளுக்கடைப் பக்கம் போனதில்லை. திரும்பிப் பார்த்தார். மணி இல்லை. காம்பு வைத்த கண்ணாடி கிளாஸ் தலைகீழாக நின்றது. அன்றோடு மணி போயிற்று.

ரஞ்சனி செல்போன் கம்பெனியில் பொருளைச் சோதித்து அனுப்புகிற வேலையில் இருப்பவள். "இந்த செவுரு ரிஜெக்ஷன்பா. மொத்தமா பிச்சிப் போட்டு வெள்ளையா பிவிசி ஷீட் அடிச்சிடலாம்" என்றாள்.

"எனுக்கு அங்கதாம்மா தூக்கம் வருது."

"உள்ரூம்ல ஃபேன் கீது, கட்டில் கீது. அங்க தூங்கு."

ஒரு வாரம் அங்கே படுத்துப் பார்த்தார். மொட்டைச் சுவர் அவரைப் பார்த்தது, அவர் அதைப் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் வேலையில் கண் சொருகி, வண்டியின் இரும்புக் கரம் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சின்னா வண்டிய வுட்டு எறங்கிடுங்க அண்ணே" என்றார் சூப்பர்வைசர். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

ஷீட் அடிக்க வந்தவன் இசக்கிதுரை. திருநெல்வேலிப் பக்கம். கம்பெனியில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் கான்ட்ராக்டில் இருந்து, கான்ட்ராக்ட் முடிந்து, இந்தத் தொழிலுக்கு வந்தவன். எல்லப்பன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிக்காத தம்பி. மேலயே அடிச்சி மூடிடு. உள்ள அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இசக்கிதுரை ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தான். "கரையான் இல்ல அண்ணாச்சி. மேலயே ஸ்க்ரூ போட்டுரலாம்." பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். "யாரு அடிச்சது இத? மொத்த செவுரும்லா தலகீழா நிக்கி! அம்பு மேல பாக்கணும், இந்தப் பக்கம் மேலன்னு அர்த்தம். கிளாஸ்னா ஒடையுத சாமான். இந்தா, இது குடை. மழையில நனைக்கப்புடாதுன்னு போட்ருக்கான். ரெண்டு வருசம் இதப் பாத்துதான் பெட்டி ஏத்துனேன்."

"குடையா?"

"குடைதான். பாத்தியளா, மேல மழைத்துளி. உங்களுக்குக் கீழ கெடக்கு."

ராத்திரியெல்லாம் தூக்கி இறக்குகிற பெட்டிகளில் இதே குடை நேராக நின்றதை எல்லப்பன் இத்தனை வருஷமும் இந்தச் சுவரோடு சேர்த்துப் பார்த்ததில்லை. படகின் அடிப்பாகம் குடைத்துணியாயிற்று. பாய்மரம் கைப்பிடியாயிற்று. திரும்பப் படகாக்கப் பார்த்தார், வரவில்லை. அளவெடுத்துக்கொண்டு இசக்கிதுரை போனபிறகு, அன்று பகல் முழுக்க ஹாலில் படுத்தே கிடந்தார். ஜன்னல் வெயில் வந்தது, பிசின் வாசம் வந்தது, குடை மட்டும் குடையாகவே நின்றது. கனவுக்குப் போகிற ஒரே வண்டியை ஒருத்தன் பெயர் சொல்லி நிறுத்திவிட்டுப் போய்விட்டான்.

மறுநாளும் தூக்கமில்லை. கண்கள் சிவந்து கிடந்தவரைப் பார்த்து இசக்கிதுரைக்குப் பாவமாகிவிட்டது. "வேணும்னா எல்லாத்தையும் கழட்டி நேரா அடிச்சித் தாரேன் அண்ணாச்சி."

"வோணாம்பா. மூடு."

சாம்பல் நரம்போடிய வெள்ளை ஷீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. குடையின் மேல் கடைசி ஷீட் உட்கார்ந்து ஸ்க்ரூ இறங்கியபோது எல்லப்பன் அதைப் பார்க்காமல் தன் மனைவி செங்கமலத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். ரஞ்சனி போட்டோ எடுத்துக் குன்றத்தூருக்கு அனுப்பினாள். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று செங்கமலம் நினைத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் இசக்கிதுரை மறந்துவிட்டுப்போன டிரில்லை எடுக்க வந்தான். வாசலிலேயே செங்கமலம் உதட்டில் விரல் வைத்தாள். உள்ளே, புதுச் சுவரைப் பார்த்து ஒருக்களித்து, எல்லப்பன் கிடந்தார். மூச்சு நீளமாக, ஒரே தாளத்தில் போய் வந்தது. பாயில் ஒரு கை மெதுவாகப் பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தது, துடுப்புப் போடுகிற மாதிரி.

"அண்ணாச்சிக்கு செவுரு புடிச்சிருக்கா?" என்று கிசுகிசுத்தான்.

"செவுத்த எங்க பாத்தாரு? ஷீட்டு அடிச்சதுலேர்ந்து ஹாலுக்கு வந்தாலே கண்ண மூடிக்கினுதான் கீறாரு. நீ டிரில்லு அப்பறமா வந்து எட்துக்கோ."