வெந்நீர்க் குளமும் தோணிப்பாயும்

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியில், போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகளை நீந்த வைக்க ஒரு வெந்நீர்க் குளம் இருந்தது. எழுபதுகளில் நான் அங்கே குமாஸ்தா. விறகு பாய்லரையே வைத்துக்கொள்வதா, கரண்ட் ஹீட்டர் வாங்குவதா, எதில் செலவு குறைவு என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

பாய்லருக்கு விறகு போடுகிறவர் முன்பு தோணியில் வேலை பார்த்தவர். நெட்டையான மனிதர், புருவம் இரண்டும் தீயில் கருகியிருக்கும். தெர்மாமீட்டரைத் தொடமாட்டார். முழங்கையைத் தண்ணீரில் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் தலையாட்டிய பிறகுதான் பிள்ளைகளை இறக்குவார்கள்.

ஒரு ஹீட்டரை இரவல் வாங்கி, இரண்டையும் தலா ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். அவர் சம்பளத்தைச் சேர்த்தும் விறகுதான் மலிவாக வந்தது. அவர் வேலை தப்பியது என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கணக்கு தப்பு சார். சாயங்காலமானா நான் குளத்து மேல பழைய தோணிப்பாயை விரிச்சு மூடிருவேன். இல்லன்னா கடக்காத்து சூட்டைப் பூராத் தின்னுரும்லா? ஹீட்டர் ஓடுன வாரம் எனக்கு லீவு குடுத்துட்டீங்க. பாய் போட ஆளில்ல."

"இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே அண்ணாச்சி!"

"பாய் செஞ்ச வேலைக்கு விறகு பேரு வாங்கலாமா சார்?"

பாயால் குளத்தை மூடி ஹீட்டரை மறுபடி ஒரு வாரம் ஓட்டினோம். ஹீட்டர்தான் மலிவு.

அந்தப் பாய் அவருடைய சொந்தப் பாய். வேலையின் கடைசி நாள் அதை எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். கிழிந்திருந்த ஓரத்தைத் தைத்து, குளத்தின் மேல் விரித்துவிட்டுப் போயிருந்தார்.