மலைத்தோளன் துறைமுகத்துக்குப் போன இதழ்

மலிவு மையின் மண்ணெண்ணெய் மணம் எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு இளமை இனிப்பதில்லை, எரிச்சல்தான் வருகிறது. எழுபதுகளில் அந்த மணத்தோடுதான் "காவல் ஐவர்" என்ற படக்கதை மாதாமாதம் எங்கள் லிங்கநகர் வீட்டுக்கு வந்தது. பறக்கிறவன், நெருப்பை உமிழ்கிறவன் என்று ஐந்து பேர். ஐவருக்கும் மேலே ஒரு மந்திரி. அவர் சொன்னால் பூதத்தை அடிப்பார்கள், சொல்லாவிட்டால் ஊரே எரிந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எதிர்த்துக் கேட்டவனை வெளியே தள்ளிவிட்டு அதே உடுப்பில் வேறொருவனை மந்திரி நிறுத்துவார். அடுத்த இதழில் அதைப்பற்றி மூச்சே இராது.

இதெல்லாம் பத்து வயதில் எனக்கு உறைக்கவில்லை. ஐவரில் எந்தப் பாரத்தையும் தூக்குகிற மலைத்தோளன் என்பவன் என்னுடைய ஆள், ஏனென்றால் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி சுமந்த அப்பாவின் தோளிலும் அவனுக்கிருந்ததைப் போலவே தோல் தடித்து ஒரு காய்ப்பு திரண்டிருந்தது.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்த மாதம் எங்கள் குசினியில் மரவள்ளிக்கிழங்குதான் வெந்தது. பின்னேரங்களில் அப்பாவின் கூட்டாளிகள் முற்றத்தில் கூடி, இனி என்ன செய்வதென்று கதைத்துக் களைத்ததும், என்னைக் கூப்பிட்டுப் படக்கதையை உரக்க வாசிக்கச் சொல்வார்கள். அந்த மாத இதழில் மந்திரி ஐவரையும் ஒரு துறைமுகத்துக்கு அனுப்பினார். அங்கேயும் தொழிலாளர் வேலையை நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அவனும் பாரம் தூக்கிறவன்தானே, நம்மட பக்கம் வந்திருவான்" என்றார் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் சாலி காக்கா.

நான் பக்கத்தைப் புரட்டினேன். மலைத்தோளன் தொழிலாளரை அள்ளி அள்ளிக் கடலில் வீசினான்.

"பொறுங்க மகள், அடுத்த பக்கத்துல திருந்திருவான்" என்றார் சாலி காக்கா.

அடுத்த பக்கத்திலும் வீசினான். கடைசிப் பக்கத்தில் மந்திரி அவன் நெஞ்சில் பதக்கம் குத்தினார், கப்பல் புறப்பட்டது. சாலி காக்கா எழும்பிச் சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"இவனுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?" என்று அப்பா கேட்டார்.

"அரசாங்கம், அப்பா."

"எங்களுக்கும் அதுதானே தந்தது" என்றார்.

அந்தக் கிழமையே லொறிகளில் வேறு ஆட்கள் வந்து பெட்டிகளை ஏற்றினார்கள். எங்களைப் போலவே பசித்த மனிதர்கள். அவர்கள் மேல் வராத ஆத்திரமெல்லாம் எனக்கு மலைத்தோளன் மேல் வந்தது. அப்பாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. அவர் தோளின் காய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, பிறகு இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

இப்போது அப்பாவும் இல்லை, தோளில் பெட்டி சுமக்கிறவர்களும் இல்லை. "காவல் ஐவர்" மட்டும் தடித்த அட்டை போட்டு முழுத் தொகுப்பாக வந்திருக்கிறது. யானை விலை. ஆனாலும் வாங்கினேன், அந்தப் பதக்கப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுவதற்காகவே வாங்கினேன். முன்னுரையில் ஐவரையும் ஏழைகளின் தோழர் என்று எழுதியிருக்கிறார்கள். முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்பப் புரட்டிவிட்டேன், துறைமுகத்துக்குப் போன இதழை மட்டும் காணவில்லை. நான் கிழிக்க நினைத்திருந்ததை எனக்கு முந்தியே யாரோ கிழித்துவிட்டார்கள்.