மூடி அக்காவும் பாதியில் மூடிய மேற்கோளும்

அக்கா பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய பேனாவின் மூடி அல்ல, மேலாளருடையது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் திறந்தபடியே விட்டுப் போன பேனாவை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, நாற்காலிக்கு அடியிலும் விசைப்பலகைக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தார். கிடைத்தது. 'டக்'கென்று பூட்டி, அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகே நகர்ந்தார். வரும் வழியில் என் தண்ணீர் பாட்டிலையும் திருகி மூடினார்.

"வாயைத் திறந்தா மூடணும் தம்பி. மனுசனுக்கும் அதான், பாட்டிலுக்கும் அதான்."

அலுவலகத்தில் அவர் பெயர் மூடி அக்கா. அவருக்கும் அது தெரியும். "நல்லவேளை, தாழ்ப்பாள்னு வைக்காம விட்டீங்க" என்பார்.

கடைகள், பள்ளிகள், சின்னச் சின்ன மருத்துவமனைகள் ஆகியவற்றின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. அக்கா அவற்றின் உள்ளே இருக்கும் அழுக்கை எடுப்பவர். எங்கள் குடும்பத்தில் கணிப்பொறி படித்த முதல் ஆள் நான் என்பதால், இதை விளக்கிச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிறு சிறு குறிப்புகள் உண்டு. இந்தப் படம் இவ்வளவு அகலம். இந்தச் சொல்லைத் தொட்டால் இன்ன இடத்துக்குப் போ. குறிப்பின் பெயர், ஒரு சமக்குறி, பிறகு இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே அதன் மதிப்பு. 'வேல்யூ' என்பார் அக்கா. இரண்டு மேற்கோள்களும்தான் கரை. பின்னதை விட்டுவிட்டால், அடைக்க மறந்த மடைபோல மதிப்பு வழிந்து அடுத்த வரிக்குள் பாயும். பொத்தான் இருந்த இடம் மூழ்கிப்போகும்.

அக்கா ஒவ்வொரு மதிப்பாகத் தொட்டுப் பார்ப்பார். வாலில் தொங்கும் வெற்றிடத்தைக் கிள்ளி எறிவார். வேறெங்கிருந்தோ ஒட்டும்போது கூடவே வந்துவிடும் வளைந்த மேற்கோள் குறிகளுக்கு அவர் வைத்த பெயர் சுருட்டை. "சுருட்டை முடி அழகுதான். ஆனா கம்ப்யூட்டருக்குப் படிய வாரின தலைதான் புரியும்." ஒரு துணிக்கடைக்காரர் படத்தின் அகலம் என்ற இடத்தில் 'பெரிசா' என்று எழுதி அனுப்பியிருந்தார். அக்கா அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். "பெரிசான்னா எவ்வளவு பெரிசுங்க? கல்யாண மண்டபம் அளவுக்கா?"

மதியம் சாப்பிட்ட பின், சன்னல் மறைப்பின் வரிகள் வெளிச்சமாகத் தரையில் நகர்ந்துகொண்டிருக்கும் வேளையில், அவர் திரையைப் பார்ப்பது கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருப்பவரைப் போல அசையாமல் இருப்பார். அப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

அவருக்கு ஒரு அண்ணன். புகைப்படக்காரர். கண்ணில் ஏதோ நோய் வந்து, ஓரங்களிலிருந்து இருள் மெல்ல நடுவுக்கு வந்து சேர்ந்தது. ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டார். பழைய படச்சுருள்களை ஈரம் தின்றது. அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை நாங்கள் பார்த்துக்கொள்ளும் அவருடைய தளத்தில் இருந்தவை மட்டுமே. ஒருநாள் அவர் தன் அலைபேசியை அந்தத் தளத்தை உரக்க வாசிக்கவிட்டுக் கேட்டார். படத்தில் இருப்பது என்ன என்று சொல்வதற்கென்றே ஒரு குறிப்பு உண்டு. அதற்கு 'ஆல்ட்' என்று பெயர். அந்தத் தளத்தில் யாரும் அதை எழுதியிருக்கவில்லை. அலைபேசி வேறு வழியில்லாமல் கோப்புப் பெயர்களை வாசித்தது.

அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அண்ணன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஐ எம் ஜி ஜீரோ ஜீரோ நாலுங்குது பாப்பா. ஜெயில்ல நிக்கிற மாதிரி நம்பர் நம்பரா நிக்குது என் படமெல்லாம். எடுத்துரச் சொல்லு, எனக்கு வேண்டாம்."

இதைக் கேட்ட மேலாளர் உதவி செய்வதாக நினைத்து, எழுதாத ஆல்ட் எல்லாவற்றிலும் வெறும் மேற்கோள் இரண்டை நிரப்பும் கருவியை ஓட்டினார். சரிபார்க்கும் திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள் மறைந்து பச்சை வந்தது.

"பச்சை வந்துருச்சும்மா. அப்புறம் என்ன?"

"எழுதாம விட்டா மறதி சார். காலியா எழுதினா, இதுல ஒண்ணுமில்ல, தாண்டிப் போன்னு அர்த்தம். இனிமே போன் அந்தப் படத்து நம்பரைக்கூடச் சொல்லாது."

சொன்னபடியே ஆயிற்று. சாயங்காலமே அண்ணன் கூப்பிட்டார். "அதுக்குள்ள எடுத்துட்டீங்களா? ஒரு படத்தையும் காணோமே. நல்லதாப் போச்சு."

மேலாளர் கையை விரித்தார். "ஓனரே வேண்டாங்கிறாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தளத்தை நெட்லேருந்து இறக்கிடுவோம்."

"அதுவரைக்கும் தொடாதீங்க சார்" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளைகளில் அவர் அந்தக் காலி மேற்கோள்களுக்கு நடுவே எழுதத் தொடங்கினார். டப்பா திறக்கப்படாமல் ஓரமாக இருக்கும். 'மழை விட்ட தெரு. குடையை மடக்க மறந்த ஒருவர்.' 'தூங்கும் குழந்தை. போர்வைக்கு வெளியே ஒரு கால்.' 'முடிதிருத்தும் கடைக் கண்ணாடி. அதற்குள் இன்னொரு கண்ணாடி. எதிலும் ஆள் இல்லை.' அந்த வரிகளைப் படிக்கும்போது குளிர்ந்த எதற்குள்ளோ கைவிட்டதுபோல இருந்தது எனக்கு.

"அழகான தெருன்னு போடலாமேக்கா" என்றேன்.

"அழகுன்னு சொல்ல நாம யாரு தம்பி? என்ன இருக்குன்னு சொன்னா போதும். அழகை அவரே பாத்துக்குவாரு."

ஒரு படத்தை மட்டும் கடைசிவரை தள்ளிவைத்தார். அதில் இருந்தது அவரே. கல்யாணத்துக்கு முதல் நாள். மெலிந்த பெண், பாதி முகத்தில் வெளிச்சம். எழுதுவார், அழிப்பார். தன்னை என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை போலும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் எதையோ அடித்து, சரிபார்க்காமலே ஏற்றிவிட்டு, அண்ணனுக்குச் செய்தி அனுப்பினார்: 'ஒரே ஒரு தடவை கேளு.' பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

என் திரையில் ஒரு சிவப்பு வரி முளைத்தது.

"அக்கா, ஒண்ணு சிவக்குது."

"யாரு பண்ணினது?"

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவரே வந்து பார்த்தார். அவர் எழுதியிருந்தது இது: 'சன்னலோரம் தங்கை. அண்ணன் "மூச்சு விடு" என்றதும் எடுத்த படம்.' மேற்கோளுக்குள் மேற்கோள். 'மூச்சு'க்கு முன்னால் வந்த குறியைக் கண்டதும் மதிப்பு முடிந்துவிட்டது என்று கணிப்பொறி கதவைச் சாத்திவிட்டது. மிச்சமெல்லாம் வெளியே சிதறிக் கிடந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவர் சொல்லித்தந்த தவறு அது. அக்கா தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

திருத்த உட்காருவதற்குள் அலைபேசி அடித்தது. மேலாளரும் வந்து நின்றார்; தளத்தை இறக்கும் நேரம்.

"பாப்பா." அண்ணன்தான். "கடைசிப் படத்துல போன் பாதியில நின்னுருச்சு. 'சன்னலோரம் தங்கை. அண்ணன்.' அதோட சரி. அண்ணன் என்ன பண்ணினான்னு சொல்லவே இல்ல."

"அது நடுவுல மூடிக்கிச்சுண்ணா. ஒரு நிமிஷம், சரி பண்ணிடறேன்."

"இரு. நானே சொல்றேன். அழுகை வந்துரும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னே நீ. மூச்சு விடுன்னேன். விட்டே. அப்ப அமுக்கினேன். அதானே?"

அக்கா தலையசைத்தார். தலையசைப்பு அண்ணனுக்குத் தெரியாது என்பது நினைவு வந்து, "ம்" என்றார்.

"அப்புறம் சன்னலோரம்னு யாரு சொன்னா? கதவோரம். சன்னல் வெளிச்சம் வந்து கதவுல விழுந்துச்சு, உன்னை அங்க நிறுத்தினேன். அந்தக் குடைக்காரன் ஒண்ணும் மறக்கல. மழை திரும்பி வரும்னு வானத்தைப் பாத்துட்டு நின்னான். கண்ணாடியில ஆள் இல்லையா? கீழ் மூலையில என் தோள் இருக்கும், உத்துப் பாரு."

மேலாளர் குனிந்து, "அப்ப இன்னைக்கு இறக்கணுமா சார்?" என்று கேட்டார்.

"இறக்கறதாவது. இவ தப்புத் தப்பா எழுதி வெச்சிருக்கா. படிக்கிறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்? பாப்பா, பேனா இருக்கா? முதல் படத்துலேருந்து வா."

அக்கா மேசைமேல் இருந்த பேனாவைத் திறந்தார். மூடி உருண்டது. விளிம்பில் ஒரு கணம் தயங்கி, கீழே விழுந்து, தரையில் கிடந்த வெளிச்ச வரிகளைக் கடந்து என் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் திரும்பவில்லை.

"சொல்லுண்ணா" என்றார்.