முடி மழிக்காத கத்தி

அவருடைய இடது முன்கையில் முடி முழுதாக வளர்ந்ததே கிடையாது. கத்தி தீட்டித் தருகிற பட்டறைக்காரர். தீட்டியதை அந்தக் கையில் வைத்து மழித்துப் பார்த்த பிறகுதான் யாருக்கும் கொடுப்பார். முடி சுத்தமாகப் போகவில்லையென்றால், வாசலில் காத்திருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாணைக்குத் திரும்புவார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. தெருவில் யாரைக் கேட்டாலும், "இன்னும் கொஞ்சம் கடையா? லேத் பட்டறைக்குப் பக்கத்துல" என்பார்கள்.

அவருடைய அக்கா, சாலையோரப் புதர்களையும் கிளைகளையும் வெட்டும் குழுவில் முன்வரிசை ஆள். முன்வரிசை வெட்டிக்கொண்டே போகும். பின்வரிசை விழுந்ததைப் பொறுக்கி வண்டியில் ஏற்றும். அந்த வருடம் அக்காவின் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. மேஸ்திரி நல்லவர்தான். ஆனாலும் ஒரு நாள் சொல்லிவிட்டார்.

"அக்கா, கை சரியாகலைன்னா இந்த மாசத்தோட பின்னால போயிடுங்க. கோவிச்சுக்காதீங்க."

அக்கா கோபித்துக்கொண்டாள். மேஸ்திரியிடம் அல்ல, தம்பியிடம், நேராக அவர் பட்டறைக்கே வந்து.

"ஊர்ல இருக்கிறவன் கத்தியெல்லாம் தீட்டுற. கூடப் பொறந்தவளுக்கு ஒரு நல்ல கத்தி இல்ல."

"உன் கத்தியில தப்பில்லக்கா. நான்தானே தீட்டினேன்."

"அப்ப என் கையிலதான் தப்பு. இந்தா, இதைத் தீட்டு."

அப்போது பலகைமேல் நேபாளத்துக் குக்ரி ஒன்று கிடந்தது. பிடி மாற்றச் சொல்லி லாரி ஓட்டுநர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. நடுவில் முழங்கையைப் போல முன்பக்கமாக மடங்கி, மடக்குக்கு அப்பால் அகன்று கனத்த கத்தி. அந்த மடக்கை வெறும் அலங்காரம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அக்கா அதை எடுத்து, வாசலில் கிடந்த விறகுக் கட்டையில் ஒரு போடு போட்டாள். பிறகு இன்னொன்று.

"டேய், இது வலிக்கலடா."

ஏன் வலிக்கவில்லை என்று அவர் அவளை மறுபடி மறுபடி வெட்டச் சொல்லிப் பார்த்தார். நேர்க்கத்தியில், வெட்டும் விளிம்பான வாய் கட்டையைத் தொடுகிற கணத்தில் மணிக்கட்டை முன்னால் மடக்க வேண்டியிருக்கிறது. குக்ரியில் அந்த வேலையை இரும்பே முன்கூட்டியே செய்துவிடுகிறது. மணிக்கட்டு நேராக நிற்க, சாய்ந்த வாய் கட்டையில் இறங்கிக்கொண்டே இழுத்தும் அறுக்கிறது. கனம் கைக்கு வெகுதூரம் முன்னால் விழுவதால் அதிர்வும் அங்கேயே தங்கிவிடுகிறது. பிடியின் அடி அகன்றிருப்பதால் இறுக்கிப் பிடிக்காவிட்டாலும் நழுவுவதில்லை.

ஓட்டுநர் தன் கத்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு அதேபோல ஒன்று அடிக்க, இவர் லாரி ஸ்பிரிங்கின் பழைய கமான் பட்டை ஒன்றை உலையில் வைத்தார்.

முதல் கத்தியில் நுனிப்பக்கத்துக்கு வேண்டிய மட்டும் கனம் வைத்தார். கனம் கூடினால் வெட்டும் கூடும் என்பது அவர் கணக்கு. மூன்றாம் நாள் அக்கா அதைக் கொண்டுவந்து பலகைமேல் தொப்பென்று போட்டாள்.

"வெட்டுறதெல்லாம் ஜோரா வெட்டுது. தூக்குறது யாரு, உங்க மாமாவா?"

இப்போது வலி மணிக்கட்டிலிருந்து தோளுக்கு ஏறியிருந்தது. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, குழு வேலை செய்யும் இடத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தூக்கு இருக்கிறது. வெட்டும்போது கத்தி தானே விழுகிறது. தூக்கும்போதுதான் அக்கா பல்லைக் கடிக்கிறாள். பட்டறைக் கட்டையில் இரண்டு போடு போட்டுப் பார்த்த அவர், தூக்குவதை யோசிக்கவே இல்லை.

இரண்டாவது கத்தியில் அகலத்தில் கை வைக்கவில்லை. முதுகை மட்டும் பிடிப்பக்கம் தடிமனாக விட்டு, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும்படி அடித்தார். தூக்க லேசாக இருந்தது. முன்கை முடியையும் வழித்துக்கொண்டு போனது. லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, சலூன் வச்சிடுங்க" என்றார்.

அது இரண்டு நாள் ஜம்மென்று ஓடியது. அப்புறம் காய்ந்த கிளையின் கணு ஒன்றில் பட்டு, வாய் பிறை வடிவத்தில் பெயர்ந்துவிட்டது.

"மாசம் முடியப் போகுது," என்றாள் அக்கா. அன்று கேலி எதுவும் பேசவில்லை.

பெயர்ந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவக்கக் காய்ச்சிய முழுக்கத்தியையும் எண்ணெயில் முக்கியதால் முதுகிலிருந்து வாய்வரை ஒரே விறைப்பு. அதன்மேல் முடி மழிக்கிற மெல்லிய கூர். காய்கறிக் கத்திக்குச் செய்கிற மரியாதையைக் கணு வெட்டுகிற கத்திக்குச் செய்திருக்கிறார். இத்தனை வருடம் முன்கையைக் கேட்டே கத்தி கொடுத்துப் பழக்கம். முன்கையில் கணு ஏது?

வீட்டுச் சமையலறைக்குப் போய் டீ கெட்டிலை எடுத்தார்.

"என்னங்க, அதுல டீ போடணும்!" என்றாள் மனைவி.

"இன்னும் கொஞ்சம்..."

"அது உங்க கடையில. இங்க இல்ல."

ஆனாலும் அவளே தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். புதிதாக அடித்த கத்தி சிவந்திருக்கும்போதே, கெட்டிலின் மூக்கால் வாய் ஓரமாக மட்டும் தண்ணீரை ஓடவிட்டார். வாய் கறுத்தது; முதுகில் சிவப்பு மிச்சமிருந்தது. இனி வாய் மட்டும் விறைக்கும், முதுகு வளைந்துகொடுக்கும். அந்த மிச்சச் சூடு மெல்லத் திரும்பி வந்து வாயின் விறைப்பைக் கொஞ்சம் தணித்தது. சாணையிலும் தட்டையாகச் சீவவில்லை. மீன் வயிற்றைப் போல இருபுறமும் உருட்டி வாய்க்குக் கொண்டுவந்தார்.

பழக்கத்தில் முன்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு முடிகூட அசையவில்லை.

லேத் பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணே, வெண்ணெய் தடவவா இது?"

கை தானாகச் சாணைப்பக்கம் போனது. ஒரே ஒரு தடவை இழுத்தால் போதும், கூர் வந்துவிடும். கணுவும் மறுபடி பெயர்த்துவிடும். சாணையை நிறுத்திவிட்டுக் கத்தியை வாசலில் காத்திருந்த அக்காவிடம் நீட்டினார்.

"முடிஞ்சுதா?" அவளால் நம்ப முடியவில்லை. "உன் வாயால சொல்லு."

"முடிஞ்சுது. எடுத்துட்டுப் போ."

மாதக் கடைசி நாளன்று அவரும் கூடப் போனார். மேஸ்திரி கத்தியை வாங்கி விரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மொக்கையா இருக்கே?"

"சாயங்காலம் சொல்லுங்க," என்றாள் அக்கா.

மதியம்வரை மற்றவர்களுக்குச் சமமாகப் போனாள். சாப்பாட்டுக்குப் பிறகுதான் வழக்கமாகக் கை தளரும். மேஸ்திரி பின்வரிசையில் ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். காய்ந்து முறுக்கேறிய மரம் ஒன்று வழியில் வந்தது. அதன் கணு ஒன்றில் கத்தி இறங்கிய சத்தம் கேட்டதும் தம்பி எழுந்துவிட்டார். அக்கா கத்தியை உருவி, வாயை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த கிளைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வண்டி கிளம்பும்போது மேஸ்திரி, "நாளைக்கும் முன்னாலயே நில்லுங்கக்கா" என்றார். "ஆனா அந்தக் கத்தியை வேற யார் கையிலயும் குடுக்காதீங்க, எல்லாரும் கேப்பாங்க."

தம்பி மெல்ல அருகில் வந்தார். வாயில் ஓரிடம் லேசாக மழுங்கியிருந்தது அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

"அக்கா, ராத்திரி கத்தி பட்டறையில இருக்கட்டும். இன்னும் கொஞ்சம்..."

அக்கா கத்தியை உறையில் செருகி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு. போடா."