தளம் போடும் தண்ணீர்

கடல் பொங்கி வந்த மறு வருஷம் மரக்காணம் பக்கம் மேஸ்திரிகளுக்கு ஓய்வே இல்லை. எங்கள் கூரை வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட வேண்டும் என்று மகன் துடித்தான். மருமகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். தளத்தில் கொக்கி வைத்துத் தூளி கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் பேசி வைத்த மேஸ்திரி எங்கள் ஊர்க்காரர், உப்பளத்திலேயே வளர்ந்தவர். அவர் போட்ட தளத்தைப் பார்க்காமல் வெற்றிலை பாக்கு தர மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் கண் நன்றாகத் தெரியும்.

வானூர்ப் பக்கம் இரண்டு வீடு காட்டினார். மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. மேலே ஏறித் தண்ணீர் தேங்கிய தடம் தேடினேன். கீழே வந்து கழியால் தட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டும் கடலுக்கு ரொம்பத் தூரம். கடலோரத்தில் ஒன்றும் போடவில்லையா என்று கேட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் கூனிமேட்டில் ஒன்று போட்டதாகவும், அங்கே இப்போது ஆள் இல்லை என்றும் சொன்னார்.

மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறினேன். விசாரித்துப் போனால், ஆள் இருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓர் அம்மா உள்ளே கூப்பிட்டார். நடு அறையில், தலைக்கு மேல் பாய் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. பேரப்பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்துப்போய்க் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்ததாம்.

சிமெண்டைக் குறைத்துவிட்டாரா என்று கேட்டேன்.

“அது இல்லீங்கக்கா. எங்க வீட்டுக்காரர் கூடவே நின்னு போட்டாரு. தண்ணிதான். இந்தக் கிணத்துத் தண்ணி.”

ஒரு சொம்பு இறைத்துத் தந்தார். குடித்தேன். நல்ல தண்ணீராகத்தான் இருந்தது, அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“மேஸ்திரியும் குடிச்சுப் பாத்துட்டு இதையேதான் சொன்னாரு. உப்பளத்து நாக்குக்கு எதுங்க கரிக்கும்? அந்த உப்புதான் கம்பியத் தின்னுடுச்சு.”

சுருக்கென்றது. நாற்பது வருஷம் உப்புப் பாத்தியில் நின்றவள் நான். எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே தளம் போடலாம், அமிர்தம் மாதிரி இருக்கும் என்று மேஸ்திரியிடம் சொன்னவளும் நான்தான்.

வீட்டுக்கு வந்து, நம் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மருமகளைக் கேட்டேன். அவள் வானூர்ப் பக்கம் பிறந்தவள்.

“வந்த நாள்லேர்ந்தே கரிக்குதுங்கத்தே. சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்னு இருந்துட்டேன்.”

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். கூனிமேட்டுக்குப் போய் வந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“அவமானமா இருந்துச்சு பெரிம்மா, அதான் மறைச்சேன். ஆனா ஏமாத்தல. வாயில வெச்சுப் பாத்துதான் ஊத்தினேன்.”

நம்பினேன். திருடனாக இருந்தால் பக்கத்தில் நின்று காவல் காக்கலாம். தெரியாமல் செய்கிறவரை என்ன செய்வது? வேறு மேஸ்திரி பார்க்கலாமா என்றான் மகன். யார் வந்தாலும் இந்த ஊர் நாக்கோடுதானே வருவார்கள்? உள்ளூர்க் கிணறு வேண்டாம், வானூர்ப் பக்கத்திலிருந்து டேங்கரில் தண்ணீர் வர வேண்டும் என்று சொல்லித்தான் வெற்றிலை பாக்கைக் கொடுத்தேன்.

தளம் போட்ட அன்று டேங்கர் வந்ததும் முதல் சொம்பை மருமகளிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள்.

“நல்லா இருக்குதுங்கத்தே.”

மேஸ்திரி கலவை போட ஆளைக் கூப்பிட்டார். நான் அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மருமகளைத் தனியாக அழைத்துப்போய் இன்னொரு தடவை கேட்டேன்.