சாட்சி இடத்தில் கடவுள் பெயர்

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின் இரண்டாம் ஆண்டில், ஒரு வியாழக்கிழமை காலை, ஏஞ்சலினின் படிப்பை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். அதிலிருந்து கர்த்தர் எங்களை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதை, என்னோடு முழங்கால் போட்ட உங்களுக்கே எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் ஈப்போ பக்கம் சிலிபினில் இருக்கிறேன். சமூகக் கல்லூரியில் சான்றிதழ் முடித்து, டிப்ளோமாவுக்காகப் பாலிடெக்னிக்குக்கு மாறியவள். அப்படி மாற எத்தனை படிவங்கள், எத்தனை நகல்கள் என்று பட்டு அறிந்தவள். அதனால் கல்லூரிகள் மூடிக்கிடந்த நாட்களில், எனக்குப் பின்னால் வந்த ஐந்து பேருக்குப் போனிலேயே உதவினேன். நான் வேகமாகப் பேசுவேன், வேகமாக முடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நான்கு பேருக்கு நல்லபடி முடிந்தது. ஐந்தாவது ஏஞ்சலின்.

அவள் வீடு சிலிம் ரிவர் பக்கம், ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில். வீட்டில் லைன் கிடைக்காது. ரப்பர் காலத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணிக்கை எடுத்த பெரட்டுக் களத்தில்தான் கிடைக்கும். மின்னியல் பாடத்தை இரண்டு செமஸ்டர் அங்கே நின்றுதான் படித்தாள். டிப்ளோமா விண்ணப்பம் தவறினால் கையுறைத் தொழிற்சாலை வேலைதான். ஆள் ஏற்றும் வேன் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அவள் அப்பாவும் சரி சொல்லிவிட்டார்.

கல்லூரி மூடியிருந்ததால் அவளுடைய சான்றிதழ் அச்சாகவில்லை. அதற்குப் பதிலாக, படிப்பை முடித்தேன் என்று ஓர் உறுதிமொழி. கீழே 'சக்ஸி' என்று ஒரு கோடு. மலாயில் அது கையொப்பமிடும் சாட்சி. நான் வாட்ஸப்பில் குரல் அனுப்பினேன்: "கடைசிப் பக்கத்துல சாட்சி வேணும்மா. தெளிவா இருக்கணும். மறந்துடாத, இன்னிக்கே அனுப்பிடு."

அனுப்பிவிட்டாள். வியாழக்கிழமை அதன் படத்தை எனக்குக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் மலாயில், மணி மணியான எழுத்தில், ஒரு முழுச் சாட்சி. கர்த்தர் செய்ததை நாம் ஞாயிறு கூட்டத்தில் சொல்வோமே, அந்தச் சாட்சி. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், மழை வந்தால் தனக்கு வகுப்பில்லை, ஆனாலும் முடித்தேன் என்று எழுதி, கோட்டின் மேல் 'என் சாட்சி கடவுள்' என்று போட்டிருந்தாள்.

"ஏஞ்சலின், என்னம்மா இது?"

"நீங்கதானே அக்கா சாட்சி எழுதச் சொன்னீங்க? போன வாரம் வாலிபர் கூட்டத்துலயும் சாட்சி எழுதத்தானே சொன்னாங்க?"

அவள்மேல் குற்றமில்லை. அனுப்பிய விண்ணப்பத்தை மறுபடி திறக்க வழியில்லை. வெள்ளி ஐந்து மணியோடு எல்லாம் முடிகிறது. அலுவலகத்தில் போன் எடுக்க ஆளில்லை. நேரில் போகலாமென்றால் மாவட்டம் தாண்டக்கூடாது. என் வேகம் எதற்கும் உதவவில்லை. நான் அழவில்லை. சமையலறையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: ஆண்டவரே, என் வாயின் தவற்றை அவள் தலையில் வைக்காதேயும்.

வெள்ளி மத்தியானம் வாலிபர்கள் போனிலேயே கூடி அவளுக்காக ஜெபித்தோம். அதில் சேர ஏஞ்சலினும் தன் தாள்களை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனாள். ஜெபம் முடிந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி வாக்கில் அவளுக்கு ஒரு போன் வந்தது. சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு மலாய் அம்மா.

அடுத்த நிமிடம் எனக்குப் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, அந்தப் புவான் சிரிக்கிறாங்க! 'அடெக், சாட்சி இடத்துல கடவுள் பேரு இருக்கு, அவரு எங்க கையெழுத்துப் போடுவாரு'ன்னு கேக்குறாங்க."

"அப்புறம்?"

"கடைசிப் பக்கம் வித்தியாசமா இருக்கேன்னு என் ஃபைல முழுசா பாத்தாங்களாம். மார்க் ஷீட் தெறக்கவே இல்லையாம், அக்கா! அதையும், ஒரு ஆளு கையெழுத்துப் போட்ட கடைசிப் பக்கத்தையும் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணுமாம். லிங்க் அனுப்பிட்டாங்க."

மதிப்பெண் தாள் திறக்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. லைன் அறுந்து அறுந்து ஏறியதில் அது பாதியில் நின்றிருக்கிறது. நான் சொன்னது அவளுக்குச் சரியாக விளங்கியிருந்தால் அந்த அம்மா அந்தப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டார். மற்ற குறையுள்ள விண்ணப்பங்களோடு இதுவும் சத்தமில்லாமல் தள்ளுபடியாகியிருக்கும்.

கையெழுத்துக்குக் குடும்பத்தில் இல்லாத வெளியாள் வேண்டும். அந்த நேரம் பார்த்துக் களத்துக்கு வந்தவர் வேன்கார முனியாண்டி அண்ணன். தொழிற்சாலைக்காக அவளுடைய அடையாள அட்டை நகலை வாங்க வந்திருந்தார். போன் வெட்டாமல் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணே, இதுல ஒரு கையெழுத்து போடுங்கண்ணே. நான் படிச்சு முடிச்சேன்னு."

"முடிச்சியா? இங்க நின்னுக்கிட்டுப் போனுக்குப் பதில் சொல்லுவியே, தெனம் பாத்திருக்கேன். கொண்டா." தாளைப் பார்த்தவர் சிரித்தார். "யாரோட எடம்லா இது? சாமியோடதா? ஏம்மா, ஆள் ஏத்த வந்தவன்கிட்டயே ஆளைப் படிக்க அனுப்பக் கையெழுத்து வாங்குற பாரு!"

போட்டார். நான்கரைக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை வேனில் ஓர் இருக்கை காலியாகப் போனது. சில வாரங்களில் சேர்க்கைக் கடிதம் வந்தது. இப்போது ஏஞ்சலின் டிப்ளோமாவை முடித்து, ஈப்போவில் வேலை பார்க்கிறாள்.

தற்செயல் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் வாதாடுவதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நான் மாறியிருக்கிறேன். இன்றும் படிவத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள். நான் சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். என் வேகத்தைக் கர்த்தர் வாங்கிக்கொண்டார். நன்றியோடு கொடுத்துவிட்டேன்.

உங்களில் யாருடைய காரியமாவது இன்று திறக்க முடியாமல் பூட்டிக் கிடக்கலாம். எடுக்க ஆளில்லாத போனைப் போல உங்கள் ஜெபம் அடித்துக்கொண்டே இருக்கலாம். ஜெபித்துவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள். ஏஞ்சலினைப் போல, லைன் கிடைக்கிற இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.